ஓடுகிறது, காலம் காட்டவில்லை!



நம் இல்லங்கள் பலவற்றில் பீரோவின் உள்ளறையைத் திறந்தால், வீட்டுப் பத்திரங்களுக்கும் காலாவதியான பாஸ்போர்ட்டுகளுக்கும் இடையே பழைய கைக்கடிகாரம் ஒன்று உறங்கக் காணலாம். வாப்பா பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாங்கி வந்ததாக இருக்கும். அல்லது நிக்காஹ் நாளில் மாமனார் அணிவித்த எச்.எம்.டி.யாக இருக்கும். எடுத்துச் சாவி கொடுத்தால் உடனே ஓடும். காதருகே வைத்தால் 'டிக் டிக்' என்னும் ஓசையும் சீராகவே கேட்கும். "ஓடுகிறதே, பிறகென்ன?" என்று மகிழ்ந்து மணிக்கட்டில் கட்டிக் கொள்கிறோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் பத்து நிமிடம் பின்தங்கி நிற்கிறது.

ஓடுவது வேறு, காலம் காட்டுவது வேறு. கடிகாரத்தின் இதயம் பழுதின்றித் துடித்துக் கொண்டிருக்க, அதன் முட்களைத் திருப்பி வைக்கும் சிற்றுறுப்புகள் தேய்ந்து போயிருக்கலாம். பழங்கடிகாரங்களில் மிகுதியாகத் தேய்பவை இவ்வுறுப்புகளே. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது மிகுதியாகக் கவனிக்கப்படாதவையும் இவையே. இதன் விளைவு என்னவாகும் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

என் வாப்பா வாணிபத்தின் பொருட்டு வெளியூர்களில் வாரக்கணக்கில் அறையெடுத்துத் தங்குவது வழக்கம். சாவி கொடுக்கும் வகையைச் சேர்ந்த, தேதியும் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அணிந்து வந்தார்கள். ஒரு ரமளானில் அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் பாங்கொலி எட்டாது. நோன்புக்கால அட்டவணையையும் தம் கடிகாரத்தையும் நம்பியே ஸஹர் உண்பார்கள். அட்டவணை நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கையைக் கழுவிவிடுவதும் அவர்களின் வழமை. அன்றும் அவ்வாறே செய்துவிட்டு, தொழுது முடித்து, வானொலியைத் திருப்பினார்கள். செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக் குறியீட்டுடன் கடிகாரத்தை ஒப்பிட்டபோது அது பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. அதாவது, ஸுப்ஹு நேரம் நுழைந்து ஏழு நிமிடம் வரை அவர்கள் உண்டிருக்கிறார்கள்!

இரவு எஞ்சியிருப்பதாக எண்ணி உண்டபின், வைகறை புலர்ந்துவிட்டிருந்தது உறுதியானால் அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்டமுமாகும். வாப்பா அன்று மாலை வரை ஏதும் உண்ணாமலே இருந்து, பெருநாள் கழிந்தபின் அந்த ஒரு நோன்பை நோற்றார்கள். ஆனால் அவர்கள் மனத்தை வாட்டியது அந்த ஒரு நாள் அன்று. "இதற்கு முன் எத்தனை நாள் இவ்வாறு நிகழ்ந்ததோ!" என்பதே.

இத்தனைக்கும் அந்தக் கடிகாரம் அதற்கு முன் இருமுறை பழுதுபார்க்கப்பட்டிருந்தது. முதன்முறை, "எண்ணெய் வற்றிவிட்டது" எனக் கூறிக் கழுவி எண்ணெயிட்டுத் தந்தார்கள். இரண்டாம் முறை, "மெதுவாக ஓடுகிறது" என்று ரெகுலேட்டர் எனப்படும் சிறு நெம்பியை வேகப் பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். அதன்பின் பகலெல்லாம் சற்று முந்துவதும், இரவில் பிந்துவதுமாகக் கடிகாரம் இரட்டை வேடமிடத் தொடங்கிற்று. மூன்றாவதாக, கடைத்தெருக் கோடியில் சிறு மேசை போட்டு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாய், ஓட்டத்தில் குறையில்லை, முள்ளின் பிடியில்தான் குறை" என்றார்.

அப்பெரியவர் சொன்ன பிடி யாதென்று பார்ப்போம். கடிகாரத்தின் நடுச்சக்கரம் மணிக்கு ஒருமுறை சுழல்கிறது. அதன் அச்சு முகப்பின் நடுவே மேலெழுந்து நிற்கும். அவ்வச்சின்மீது, பேனாவுக்கு மூடி செருகியதுபோல, மெல்லிய எஃகுக் குழல் ஒன்று செருகப்பட்டிருக்கும். இதனைக் கேனன் பினியன் என்பர். நிமிட முள் இக்குழலின் தலையில்தான் அமர்கிறது. குழலின் அடியிலுள்ள பற்கள், பக்கத்திலுள்ள மினிட் வீலைச் சுழற்ற, அது மணி முள்ளைத் தாங்கும் சக்கரத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில் சுழற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 12 பற்கள் 36 பற்களைச் சுழற்றினால் வேகம் மூன்றிலொன்றாகும். அதனுடன் இணைந்த 10 பற்கள் 40 பற்களைச் சுழற்றினால் மேலும் நான்கிலொன்றாகும். ஆகப் பன்னிரண்டில் ஒன்று.

இக்குழலுக்கு இரண்டு கடமைகள், அவையும் ஒன்றுக்கொன்று மாறானவை. கடிகாரம் ஓடும்போது அச்சை இறுகப் பற்றி அதனுடனேயே சுழல வேண்டும். நாம் குமிழை இழுத்து முள்ளைத் திருப்பும்போதோ, பிடியைத் தளர்த்தி அச்சின்மீது வழுக்கிக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் நாம் திருப்பும் விசை உள்ளேயுள்ள சக்கரங்களையெல்லாம் முறுக்கிவிடும். இதற்காகவே குழலின் இடையில் சிறிதளவு உட்புறமாக நெருக்கி வைத்திருப்பார்கள். அந்நெருக்கம் அச்சிலுள்ள நுண்ணிய பள்ளத்தில் அமர்ந்து பற்றிக் கொள்ளும். ஒவ்வொரு முறை முள்ளைத் திருப்பும்போதும் எஃகும் எஃகும் உராய்கின்றன. அங்கே இட்ட மசகு வற்றிப் போயின் தேய்மானம் விரைவாகும். ஆண்டுகள் பல கடந்தபின் பிடி தளர்ந்து, நடுச்சக்கரம் தன்வழியே சுழல, குழல் மட்டும் சற்றே பின்தங்கும். அதனுடன் முட்களும் பின்தங்கும்.

தேதி காட்டும் கடிகாரங்களில் இந்தத் தளர்ச்சி இரவில்தான் வெளிப்படும். நள்ளிரவை ஒட்டித் தேதி வளையத்தைத் தள்ளும் வேலை முட்களை நகர்த்தும் இச்சக்கரங்களின்மீதே விழுகிறது. பகலில் சுமையின்றி ஓடிய தளர்ந்த குழல், அந்தச் சுமை வந்ததும் வழுக்குகிறது. வாப்பாவின் கடிகாரம் பகலில் நல்லவனாகவும் ஸஹர் நேரத்தில் பொய்யனாகவும் நடந்து கொண்டதன் காரணம் இதுவே. அவர்களோ நாள்தோறும் ளுஹருக்குப் பள்ளிவாசல் கடிகாரத்தைப் பார்த்துத் தம் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள். அவ்வாறு திருத்தத் திருத்தப் பிடி மேலும் தேய்ந்தது.

முதலிரு கடைகளில் குறை தென்படாததற்கும் காரணம் உண்டு. ஓட்டத்தைச் சோதிக்கும் டைமிங் மெஷின் கடிகாரத்தின் துடிப்பொலியை மட்டுமே கேட்கிறது. முட்களை அது பார்ப்பதில்லை. துடிப்பு சீராக இருந்தால் "சரியாக ஓடுகிறது" என்றே சொல்லும். ஆகவே மெஷின் காட்டியதை நம்பித் தந்தவரைப் பொய்யர் எனல் தகாது. ஆனால் வாடிக்கையாளர் "இரவில் மட்டும் பிந்துகிறது" என்று சொன்னதைக் காதில் வாங்காமல் ரெகுலேட்டரைத் தள்ளியது தவறுதான். இல்லாத நோய்க்கு மருந்திட்டு, இருந்த நலத்தையும் கெடுத்த கதை!

இதனை வீட்டிலேயே சோதித்தறிய எந்தக் கருவியும் வேண்டா. நொடி முள் 12-இல் நிற்கும்போது நிமிட முள்ளைச் சரியாக ஒரு கோட்டின்மீது வைத்து, வானொலி அல்லது கைப்பேசி நேரத்துடன் ஒப்பிட்டுக் கொள்க. மறுநாள் அதே நேரம் மீண்டும் பார்க்க. நொடி முள் சில நொடிகளே பிசகியிருக்க, நிமிட முள் பல நிமிடம் பிந்தியிருந்தால் ஓட்டத்தில் குறையில்லை, பிடியிலேதான் குறை. ஏனெனில் நொடி முள் வேறு சக்கரத்தில் அமர்ந்திருப்பதால் இந்த வழுக்கலில் அது கலந்து கொள்வதில்லை. மணி முள்ளையும் கவனிக்க வேண்டும். மணி முள்ளும் நிமிட முள்ளுடன் சேர்ந்தே பின்தங்கியிருப்பின் குழல் தளர்ந்துள்ளது. மணி முள் சரியான இடத்திலிருக்க நிமிட முள் மட்டும் விலகியிருப்பின், குழலின் தலையில் அம்முள் உறுதியாகப் பொருந்தவில்லை என்று பொருள். இவ்விரண்டையும் சொல்லிக் கொடுத்தால் பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

குழலை இறுக்குவது பார்வைக்கு எளிது. செயலில் பொறுமையைச் சோதிப்பது. முட்களையும் முகப்பையும் கழற்றி, குழலை நேராக மேல்நோக்கி இழுத்தெடுத்து, அதன் துளைக்குள் மெல்லிய எஃகுக் கம்பியொன்றை நுழைத்துக் கொள்ள வேண்டும். பின்னர் மழுங்கிய முனையுள்ள கருவியால் பழைய நெருக்கத்தின் மேலேயே மிக இலேசாக அழுத்த வேண்டும். உள்ளே கம்பி இருப்பதால் குழல் அளவுக்கு மீறி நசுங்காது. மீண்டும் செருகிப் பார்த்து, போதாதெனில் இன்னுஞ் சிறிது. எங்கள் பெரியவர் இவ்வாறு நான்கு முறை கழற்றி மாட்டினார். ஒரேயடியாக அழுத்துவோர் குழலைப் பிளந்துவிடுவார்கள். அல்லது மிக இறுக்கிவிடுவார்கள். மிக இறுகிய குழல் தளர்ந்ததினும் தீது. முள்ளைத் திருப்பும்போது மினிட் வீலின் பற்கள் அதன் விசையைத் தாங்காமல் முறிந்து போகும். சரியான இறுக்கத்தை விரல் நுனியே சொல்லும்: குமிழைத் திருப்பும்போது தடித்த தேனில் கரண்டியைச் சுழற்றுவது போன்ற சீரான எதிர்ப்புத் தெரிய வேண்டும். முடிவில் அச்சில் துளியளவு மசகு இட வேண்டும். அதனை மறந்தால் ஈராண்டில் பழைய கதைதான்.

இது முள்ளின் அடியிலுள்ள பழுது. குமிழின் பக்கத்திலும் தேய்மானம் உண்டு. நம்மவர் கடிகாரங்களில் அதற்கெனத் தனிக் காரணமும் உண்டு.

அதைச் சொல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றி. 'சாவி கொடுத்தல்' என்கிறோமே, எந்தக் கைக்கடிகாரத்துக்கு நாம் சாவி வைத்திருக்கிறோம்? முற்காலச் சட்டைப்பைக் கடிகாரங்களுக்கு மெய்யாகவே தனிச்சாவி உண்டு. சுருள்வில்லை முறுக்கவும், முள்ளைத் திருப்பவும் அச்சாவியையே பயன்படுத்தினர். சாவியின்றிக் குமிழாலேயே இரண்டையும் செய்யும் அமைப்பை உருவாக்கி, 1845-இல் காப்புரிமை பெற்றவர் அட்ரியன் பிலிப் என்னும் பிரெஞ்சுக் கலைஞர். சாவி போய்விட்டது, போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த அந்தச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

குமிழிலிருந்து உள்ளே செல்லும் மெல்லிய தண்டினை ஸ்டெம் என்பர். அதன் ஒரு பகுதி சதுரமாக இழைக்கப்பட்டிருக்கும். சதுரத்தின்மீது, முன்னும் பின்னும் நகரக்கூடிய சிறு பற்சக்கரம் ஒன்று அமர்ந்திருக்கும். கடைக்காரர் வழக்கில் இது கிளட்ச் வீல். குமிழ் உள்ளே இருக்கையில் இச்சக்கரம் ஒருபுறமாகச் சென்று சுருள்வில்லை முறுக்கும் சக்கரத்துடன் கைகோக்கும். குமிழை இழுத்ததும், தண்டின் பள்ளத்தில் பற்றி நிற்கும் செட்டிங் லீவர் திரும்பி, யோக் எனப்படும் கவையைத் தள்ள, அது கிளட்ச் வீலை மறுபுறம் நகர்த்தி முள்ளைத் திருப்பும் சக்கரங்களுடன் சேர்க்கும். லீவரை அந்தந்த நிலையில் நிறுத்தி வைப்பது, இரு பள்ளங்கள் வெட்டப்பட்ட மெல்லிய வில்தகடு. 'டக்' என்று நாம் உணர்வது அப்பள்ளத்தில் லீவரின் முனை விழுவதைத்தான்.

இவற்றின் பகை தண்ணீர். நாளொன்றுக்கு ஐந்து முறை உளூச் செய்யும் கையில் கட்டிய கடிகாரம் இது. முழங்கை வரை கழுவும் நீர் குமிழைச் சுற்றி நிற்கிறது. பழங்கடிகாரத்தின் குமிழில் நீர்த்தடை வளையம் இராது. இருப்பினும் காய்ந்து சுருங்கியிருக்கும். நீர் தண்டின் வழியே ஊர்ந்து உள்ளே செல்ல, எஃகுத் தண்டு துருவேறுகிறது. அந்தச் சிவந்த பொடி வெறும் அழுக்கன்று. நகைப் பட்டறையில் மெருகேற்றப் பயன்படும் ரூஜ் என்பதும் இரும்புத் துருவின் வகையே! அதே பொடி தண்டின் சதுரத்தையும் கிளட்ச் வீலின் பற்களையும் லீவரின் முனையையும் நாள்தோறும் இழைத்துத் தேய்க்கிறது. நாற்பதாண்டு அணிந்த கடிகாரத்தின் சதுரத் தண்டு உருண்டையாகிப் போயிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அறிகுறிகள் தெளிவானவை. முள்ளைத் திருப்பும்போது கறகறவென்று பற்கள் தாண்டினால் கிளட்ச் வீலின் பற்கள் தேய்ந்துள்ளன. இழுத்த குமிழ் நிற்காமல் தானே உள்ளே போனால் லீவரின் முனையோ வில்தகட்டின் பள்ளமோ மழுங்கிவிட்டது. குமிழ் 'டக்' என்னும் உணர்வேயின்றித் தொளதொளவென்று ஆடினால் வில்தகடு முறிந்துவிட்டது. குமிழ் தண்டோடு கையில் வந்துவிட்டால், பெரும்பாலும் லீவரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்ததே காரணம். அரிதாக லீவரின் ஆணி தேய்ந்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்வமிக்க தம்பிமார்கள் பின்மூடியைத் திறந்து, தண்டை வெளியே எடுக்க வேண்டி அத்திருகைத் திருகுவதுண்டு. ஓரிரு சுற்றுக்கு மேல் தளர்த்தினால் லீவர் முகப்பின் அடியில் கழன்று விழுந்துவிடும். அதன்பின் முட்களையும் முகப்பையும் கழற்றாமல் அதனைத் திரும்பப் பொருத்த இயலாது.

இவற்றுக்குச் சரியான சிகிச்சை தேய்ந்ததை மாற்றுவதே. புதுத்தண்டை அளவுக்கேற்ப வெட்டிக் குமிழில் திருக வேண்டும். நீளம் மிகுந்தால் குமிழுக்கும் உடலுக்கும் இடையே சந்து விழுந்து நீருக்கு வழியாகும். குறைந்தால் குமிழ் உடலில் முட்டிக் கொண்டு, தண்டு உள்ளே முழுதும் சென்று அமராது. கிளட்ச் வீல், லீவர், வில்தகடு ஆகியவற்றை அதே வகை இயந்திரத்திலிருந்தே எடுக்க வேண்டும். பொருத்துமுன் துருவை முற்றிலும் கழுவி அகற்ற வேண்டும். உராயும் இடங்களில் மெல்லிய எண்ணெயன்று, கெட்டியான மசகே இட வேண்டும். குறுக்கு வழிகளும் உண்டு: குமிழைத் தண்டில் பசையிட்டு ஒட்டுவர், நெகிழ்ந்த வில்தகட்டை வளைத்துவிடுவர். பசை அடுத்த முறை தண்டை மாற்ற விடாது. வளைத்த வில் வெகுநாள் தாங்காது.

முள்ளை நாள்தோறும் திருப்பி வைப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். உதுமானியர் ஆட்சியில், சூரியன் மறையும் வேளையையே பன்னிரண்டு மணி எனக் கொண்டனர். மஃரிப் நேரம் நாள்தோறும் சிறிது மாறுமாதலால் கடிகாரத்தையும் அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. இதற்கென்றே இஸ்தான்பூலின் பெரும் பள்ளிவாசல்களை ஒட்டி 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளரின் அறைகள் இருந்தன. மக்கள் அங்கு வந்து தத்தம் கடிகாரங்களைச் சரிசெய்து கொண்டனர். 1926-இல் துருக்கிக் குடியரசு அந்த முறையை நீக்கிற்று. அந்நாளையக் கடிகாரங்களின் முள் திருப்பும் உறுப்புகள் எவ்வளவு உழைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இனி, பலரும் கேட்கும் வினா: இவ்வளவு தொல்லை எதற்கு? உள்ளிருக்கும் இயந்திரத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரத்தை வைத்துவிட்டால் என்ன? கடைக்காரர் சிலர் இதைத்தான் முதலிற் கூறுகிறார்கள். நேரம் துல்லியமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின் எஞ்சுவது வாப்பாவின் கடிகாரமன்று, அதன் கூடுதான். நேரம் மட்டுமே வேண்டுமெனில் இன்று கைப்பேசியே போதும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அதையும் பள்ளிவாசல் பாங்கையும் நம்புவதே முறை. பழுது நீக்கிய பழங்கடிகாரமும் நாளொன்றுக்குச் சில நொடிகள் பிசகவே செய்யும். அதனை வைத்திருப்பது வேறு காரணத்திற்காக. அக்காரணத்தை வாப்பா இல்லாத வீட்டார் அறிவர்.

உறுப்புகள் கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., 2016-இல் கடிகாரத் தொழிலை மூடிவிட்டது. 'ஜனதா' போன்ற 17 கற்கள் பதித்த சாவிக் கடிகாரங்கள் இலட்சக்கணக்கில் விற்றவையாதலால், ஓடாத பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்த உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவையும் தேய்ந்தவையாக இருக்கக்கூடும். லென்ஸ் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவரிடம் கொடுப்பது நலம். "முகப்புக்கும் புது வண்ணம் அடித்துத் தரவா?" என்று கேட்பார்கள். வேண்டா என்று சொல்லுங்கள். மங்கிய முகப்பு நேரத்தைத் தவறாகக் காட்டுவதில்லை.

கொடுக்கும்போது குறையைத் தாளில் எழுதியே கொடுங்கள். எந்த நேரத்தில், எவ்வளவு பிந்துகிறது என்பது உட்பட. வாங்கும்போது மாற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். குமிழைப் பத்துப் பதினைந்து முறை இழுத்தும் அழுத்தியும் பாருங்கள். அணிந்தபடியே குமிழை நகத்தால் நெம்பி இழுக்காதீர்கள், தண்டு வளைந்துவிடும். கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு நேராக இழுங்கள். உளூவுக்கு அமருமுன் கழற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். இறுகிய பட்டையின் அடியில் நீர் சேராமற் போகும் ஐயமும் அதனால் நீங்கும்.

எங்கள் பெரியவர் குழலை இறுக்கியதோடு, துருவேறிய தண்டையும் மாற்றினார். ரெகுலேட்டரைப் பழைய இடத்திற்கே கொண்டு வந்தார். மூன்று இரவுகள் தம்மிடமே வைத்திருந்து, ஒவ்வொரு காலையிலும் பார்த்து, நான்காம் நாள் கொடுத்தார். தேய்ந்த தண்டை ஒரு துண்டுத் தாளில் மடித்து வாப்பாவிடம் நீட்டி, "இதையும் வைத்துக் கொள்ளுங்கள் பாய், இருபது வருடத் தண்ணீர் இதில் இருக்கிறது" என்றார். கடிகாரம் இப்போது என் தம்பியிடம் இருக்கிறது. தாளில் மடித்த அந்தத் தண்டு, வாப்பாவின் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.